நட்ஸ் சாப்பிடுவீங்களா என்றால் எங்கள் ஊரில் ‘இல்லை’ என்பார்கள்

உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் கேட்டு நிரப்பும் படிவத்தில் ‘நட்ஸ், விதைகள்: வாரத்துக்கு எத்தனை முறை?’ என்று ஒரு வரி உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் அதற்கு நேரே நான் அதிகம் எழுதியது ‘இல்லை’ என்றுதான். “அதெல்லாம் காசுள்ளவங்க திங்கது” என்பார்கள். நானும் நம்பி எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவர் அண்டி ஆபீஸில் வேலை செய்யும் ஓர் அம்மா. முந்திரித் தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பெயர். தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். சர்க்கரை, கொழுப்பு இரண்டும் கூடுதல். “மக்களே, தினமும் பத்து பாதாம் ஊறப்போட்டுத் திங்கணும்னு போன்ல காட்டுதாங்க. அது வாங்காம சரியாவாதா?” என்று கேட்டார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் தோசைக்குத் தேங்காய்ச் சம்மந்தி. மத்தியானம் தேங்காய் அரைத்த மீன்கறி, சக்கைக்குரு என்கிற பலாக்கொட்டை போட்ட முருங்கைக்கீரைத் துவரன் (பொரியல்). சாயங்காலம் கட்டன்சாயாவோடு (பால் விடாத தேநீர்) ஒரு பொட்டலம் கப்பலண்டி, அதாவது நிலக்கடலை. ராத்திரி மிச்சமிருந்த மீன்கறி. நாலு நேரமும் கொட்டையோ விதையோ உள்ளே போயிருக்கிறது. படிவத்தில் மட்டும் ‘இல்லை’.

தப்பு அவருடையதல்ல, கேள்வியுடையது. ‘நட்ஸ்’ என்றால் கடையில் பாக்கெட்டில் தொங்குவது என்றுதான் இங்கே அர்த்தம். சக்கைக்குரு, அயனிக்குரு (அயனி என்ற காட்டுப்பலாவின் கொட்டை), எள்ளு, தேங்காய் எல்லாம் ‘கறிக்கு உள்ளது’.

ஊருக்கு ஊர் பழக்கம் வேறுபடுவது இந்த இடத்தில்தான். ஸ்பெயினில் கையில் எடுத்துக் கொறிக்கிறார்கள். சூரியகாந்தி விதையைத் தோலோடு கடித்துத் துப்புவது அங்கே தெருவோரப் பொழுதுபோக்கு. சீனாவில் விருந்தாளி வந்தால் தர்ப்பூசணி விதை. நைஜீரியாவில் எகுசி என்ற ஒருவகைத் தர்ப்பூசணி விதையை அரைத்துக் கீரையோடு குழம்பாக்குகிறார்கள். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களில் ஒரு பிரிவினருக்கு மொங்கோங்கோ கொட்டை பக்கத்தில் வைத்துக் கொறிக்கும் பண்டமாக இருக்கவில்லை, அதுதான் முக்கியச் சாப்பாடாக இருந்தது. 1960களில் ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளர் அவர்களோடு தங்கி அதை எடைபோட்டே பதிவு செய்தார். நாம் நைஜீரியாக்காரர் கட்சி. அரைப்பவர்கள். அரைத்தது குழம்பில் கலந்துவிட்டால் எவ்வளவு சாப்பிட்டோம் என்று கண்ணுக்குத் தெரியாது.

‘தினம் ஒரு கைப்பிடி’ என்ற அறிவுரைக்குப் பெரிய ஆதாரங்களில் ஒன்று ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. இதய நோய்க்கான ஆபத்து அதிகம் உள்ளவர்களில் ஒரு குழுவுக்குத் தினமும் 30 கிராம் கொடுத்தார்கள்: வால்நட் 15, பாதாம் 7.5, ஹேசல்நட் 7.5. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அந்தக் குழுவில் குறைந்தன. 2013இல் வெளியான முடிவில் குழு பிரித்த விதத்தில் குறை கண்டு, 2018இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர்கள் சாப்பாட்டில் தேங்காய் கிடையாது. 100 கிராம் பச்சைத் தேங்காயில் சுமார் 33 கிராம் கொழுப்பு, அதில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்றது, அதாவது இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடிய வகை. பாதாமிலும் வால்நட்டிலும் இருக்கும் கொழுப்பின் தன்மையே வேறு. மூன்று நேரமும் தேங்காய் ஓடும் வீட்டில் எதையும் குறைக்காமல் அதன்மேல் 30 கிராம் பாதாமை ஏற்றினால், 170 கலோரி கூடும். அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் தேங்காயை விடச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார்கள். தேங்காய் இல்லாத தீயல் குழம்பை நானும் சாப்பிட மாட்டேன். ராத்திரி ஒரு நேரம் தேங்காய் அரைக்காத புளிக்கறியோ ரசமோ போதும் என்றுதான் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அப்புறம் சக்கைக்குரு. குரு என்று பெயர் இருப்பதால் பருப்பு வகை என்று நினைத்து, சர்க்கரை உள்ளவர்கள் சீசனில் தட்டு நிறைய அவித்துச் சாப்பிட்டுவிட்டு “சோறு குறைச்சாச்சு” என்பார்கள். அதில் கொழுப்பு மிகக் குறைவு, பெரும்பகுதி மாவுச்சத்து. கணக்கில் அது மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) பக்கத்தில் உட்கார வேண்டியது. நல்ல உணவுதான், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதைச் சாப்பிட்டால் அந்த அளவு சோறு குறையவேண்டும்.

கப்பலண்டியோ நேர் எதிர். நிலக்கடலை செடி வகையில் பயறு, குணத்தில் கொட்டை. 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 25 கிராம். பாதாமில் 21, முந்திரியில் 18. விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வறுத்ததோ அவித்ததோ ஒரு சின்னக் கைப்பிடி அந்த அம்மாவுக்குப் போதும், பாதாம் வேண்டாம் என்றேன். நம்பவில்லை. விலை குறைந்த மருந்தை யாரும் நம்புவதில்லை.

ஒன்றில் கண்டிப்பு வேண்டும். இரண்டு மழைக்காலமும் நனைக்கிற மாவட்டம் இது. ஈரம் ஏறிய கடலையிலும் கொப்பரையிலும் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகலாம். அது கல்லீரலுக்குக் கேடு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். கழுவி வெயிலில் காயவைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் உப்புப் பிஸ்தா, உப்பு முந்திரி. இரத்த அழுத்தம் உள்ள அப்பாவுக்கு மகன் ஆசையாகக் கொண்டுவருவது. இங்கே உடைத்து அனுப்பிய முந்திரிதான் உப்புப் போட்டுத் திரும்பி வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வாங்குவதென்றால் உப்பில்லாததாக வாங்கச் சொல்லுங்கள்.

லண்டனில் பேரக்குழந்தை உள்ள பாட்டிமார், “அங்க கடலைன்னாலே பயப்படுதாங்களே, ஏன்?” என்று கேட்பதுண்டு. பயம் பொய்யல்ல, அங்கே கடலை ஒவ்வாமை அதிகம். ஆனால் இஸ்ரேலில் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே கடலைப் பண்டம் கொடுக்கிறார்கள்; பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளைவிட அங்கே இந்த ஒவ்வாமை சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அதைத் தொடர்ந்து 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலையைப் பழக்கியவர்களுக்கு ஒவ்வாமை மிகவும் குறைந்தது. கடும் தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மற்றக் குழந்தைகளுக்கும் மைபோல அரைத்துக் கஞ்சியில் கலந்துதான். ஐந்து வயதுவரை முழுக்கடலை வேண்டாம். மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து.

இப்போது அந்தப் படிவத்தில் ‘நட்ஸ்’ என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டு, தேங்காய் எத்தனை நேரம், கப்பலண்டி, எள்ளு, சக்கைக்குரு என்று பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். போன வாரம் வந்த ஒரு பெரியவர் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “அயனிக்குரு வறுத்துத் திம்பேன், அது எந்தக் கணக்கு?” என்று கேட்டார். அதையும் எழுதிச் சேர்த்தேன், சக்கைக்குருவுக்குப் பக்கத்தில்.