பிளாஸ்டிக் படிகத்தை சந்துக்குள்ள விட்டா என்ன ஆகும்?

காஸ் லைட்டரை டக்குன்னு அமுக்குனா பொறி வருதுல்ல, அதுக்குள்ள இருக்குற குட்டி செராமிக் துண்டு அடி வாங்குனதும் கரண்ட் கக்குது, அவ்ளோதான் விஷயம். இதையே பிளாஸ்டிக்கும் பண்ணும்னு 1969ல ஜப்பான்ல கவாய்ங்கிறவர் காட்டுனாரு. அந்த பிளாஸ்டிக் பேரு பாலிவினைலிடீன் ஃப்ளோரைடு, சுருக்கமா பிவிடிஎஃப். காலேஜ் லேப்ல இந்த ஃபிலிம் ஒரு துண்டை, வோல்டேஜை ஸ்கிரீன்ல கோடா காட்டுற ஆசிலோஸ்கோப்ல மாட்டி விரலால தட்டிப் பாத்திருக்கேன், பாக்க கேரி பேக்ல கிழிச்ச துண்டு மாதிரிதான் இருக்கும், ஆனா தட்டுற ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்கிரீன்ல கோடு எகிறும்.

காரணம் அதோட மூலக்கூறு சங்கிலியில இருக்கு. கார்பன் முதுகெலும்பு, அதுல ஒரு கார்பன்ல 2 ஹைட்ரஜன், அடுத்த கார்பன்ல 2 ஃப்ளோரின், இப்படியே மாறி மாறி போகும். ஃப்ளோரின் எலக்ட்ரானை தன் பக்கம் இழுத்துக்கும், அதனால சங்கிலி நேரா நீட்டி நின்னா ஒரு பக்கம் பூரா மைனஸ், எதிர்ப்பக்கம் பூரா பிளஸ், இதைத்தான் பீட்டா நிலைன்னு சொல்றாங்க. இந்த பிளஸ் மைனஸ் ஜோடியோட (இதுக்கு பேரு டைபோல்) திசை சங்கிலி ஓடுற திசைக்கு குறுக்கா இருக்கும், இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும். வெளியில இருந்து கரண்ட் குடுத்து இந்த திசையை தலைகீழா திருப்பலாம், கரண்டை எடுத்தாலும் திருப்புனது அப்படியே நிக்கும். ஃபெர்ரோஎலக்ட்ரிக்னா இதுதான். மேல பாத்தா 1, கீழ பாத்தா 0ன்னு வச்சா மெமரி ரெடி.

பேப்பர்ல ரெடி, கையில இல்ல. பிவிடிஎஃப்பை உருக்கி சும்மா ஆறவிட்டா அது பீட்டாவுக்கு போகாது, ஆல்ஃபான்னு வேற ஒரு நிலைக்கு போயிடும், அதுல பக்கத்து பக்கத்து சங்கிலி எதிரெதிரா படுத்து ஒண்ணோட ஒண்ணு கழிஞ்சு கணக்கு ஜீரோ. அதனால ஃபிலிமை 4, 5 மடங்கு இழுத்து சங்கிலியை நேராக்குறாங்க, இல்லன்னா ட்ரைஃப்ளோரோஎத்திலீன்னு இன்னொண்ணை கலந்து நேரடியா பீட்டாவுக்கு கொண்டு வர்றாங்க. அப்பவும் ஒரு தலைவலி பாக்கி இருக்கு, படிகங்க ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு நிக்கும்.

ஏன்னா பாலிமர் (இந்த மாதிரி நீள சங்கிலியால ஆன பொருள்) படிகம் வளர்ற விதம் அப்படி. நீளமான சங்கிலி மடிஞ்சு மடிஞ்சு புடவை கொசுவம் மாதிரி அடுக்கும், ஒரு மடிப்போட உயரம் சுமார் 10 நானோமீட்டர். படிகம் வளருதுன்னா மடிப்பு உயரமாகுதுன்னு அர்த்தம் இல்ல, பக்கத்துல பக்கத்துல மடிப்பு சேந்துக்கிட்டே போகுது. திறந்த இடத்துல இது ஒரு புள்ளியில ஆரம்பிச்சு எல்லா பக்கமும் பரவும், அதனால திசையும் எல்லா பக்கமும்.

இப்ப இதை ஒரு சந்துக்குள்ள விடுவோம். சந்துன்னா அலுமினியத்தை ஆசிட்ல வச்சு கரண்ட் விட்டா மேல ஆக்சைடு வளருமே, நம்ம வீட்டு ஹார்ட் அனோடைஸ்டு தவாவுல இருக்கறதும் அந்த ரகம்தான், அதை லேப்ல பக்குவமா பண்ணுனா தேன்கூடு மாதிரி ஒழுங்கா, நேர் செங்குத்தா, சில பத்துல இருந்து சில நூறு நானோமீட்டர் அகலத்துல ஓட்டைங்க கிடைக்கும். மேல பிவிடிஎஃப்பை உருக்குனா அது தானாவே உள்ள இறங்கிடும்.

உள்ள ஆறும்போது நடக்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. ஓட்டை யாரையும் புடிச்சு திருப்பறது இல்ல. குறுகலான சந்துல பத்து பசங்க பத்து திசைல ஓட ஆரம்பிச்சா ஒன்பது பேரு சுவத்துல முட்டி நிப்பாங்க, சந்தோட நீளத்துல ஓடுனவன் மட்டும் கடைசி வரைக்கும் போவான், இங்கயும் அதே கதைதான். எந்த படிகத்தோட வேகமா வளர்ற திசை ஓட்டையோட நீளத்துல அமைஞ்சுதோ அதுதான் ஓட்டையை நிரப்பும். அப்போ சங்கிலி ஓட்டைக்கு குறுக்கா படுத்துக்கும், டைபோல் சங்கிலிக்கு குறுக்குன்னு சொன்னேன்ல, அதனால பீட்டா வகை படிகமா இருந்தா டைபோல் ஓட்டையோட நீளத்துலயே நிக்க வழி கிடைக்குது, மேலயும் கீழயும் எலக்ட்ரோட் வச்சா நமக்கு வேண்டிய திசை அதேதான்.

ஆனா ஒரு குட்டி விஷயம் எல்லாத்தையும் மாத்திடும். ஜெர்மனியில ஸ்டைன்ஹார்ட் குழு 2006ல வெளியிட்ட வேலையில ஒரே பிவிடிஎஃப், ஒரே ஓட்டை, வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, ஓட்டைங்களுக்கு மேல மிச்சமா படிஞ்ச பாலிமர் அடுக்கை ஆறுறதுக்கு முன்னாடி எடுத்தாங்களா இல்லையா. அடுக்கு இருந்தா படிகம் அங்க ஆரம்பிச்சு ஓட்டை ஓட்டையா இறங்குது, வேகமான திசை ஜெயிக்குது, எல்லாம் ஒரே மாதிரி நிக்குது. அடுக்கை எடுத்துட்டா ஒவ்வொரு ஓட்டையும் தனித்தீவு. கல்கண்டு காய்ச்சும்போது நூல் தொங்கவிடுறது படிகம் புடிச்சுக்கதான, அந்த நூல் வேலையை உருகுன பாலிமர்ல தூசியும் அழுக்கும் பாக்கும், ஆனா இவ்ளோ சின்ன ஓட்டைல தூசிகூட இருக்காது. அதனால அது ரொம்ப குளிர்ற வரைக்கும் உறையாம அடம் புடிச்சு (சுத்தமான குட்டி தண்ணி துளி மைனஸ் 38 டிகிரி கிட்ட வரைக்கும் உறையாம இருக்கே, அதே கதை) அப்புறம் எங்கயாவது தானா ஆரம்பிக்கும். அப்பவும் சங்கிலி குறுக்காதான் படுக்குது, ஆனா அதுல எந்த பக்கம் மேல பாக்குதுங்கறது ஓட்டைக்கு ஓட்டை மாறிடுது.

திசை மட்டும் இல்ல, வகையே மாறலாம். 2010ல ஸ்பெயின் குழு ஒண்ணு பாத்தப்போ மேல இருந்த அடுக்கு வழக்கம்போல கணக்கு ஜீரோ ஆல்ஃபா, ஓட்டைக்குள்ள இருந்தது காமான்னு ஃபெர்ரோஎலக்ட்ரிக் வகை. 2009ல பெல்ஜியத்துல லூவேன் குழு ஓட்டைக்கு பதிலா அச்சு வச்சு அழுத்துனாங்க, நம்ம இடியாப்ப அச்சு இல்ல, நானோ அளவு குழி போட்ட அச்சு. முன்னாடி சொன்ன ட்ரைஃப்ளோரோஎத்திலீன் கலந்த பாலிமர் குழிக்குள்ள படிகமாகி வரிசைக்கு வந்துச்சு, திருப்ப வேண்டிய வோல்டேஜும் குறைஞ்சுது.

வோல்டேஜ் ஏன் பெரிய விஷயம்னா, இந்த பிளாஸ்டிக்கை திருப்ப மைக்ரோமீட்டருக்கு சுமார் 50 வோல்ட் வேணும். 100 நானோமீட்டரா மெலிச்சா 5 வோல்ட் போதும்னு கணக்கு சொல்லுது, ஆனா சும்மா ஊத்தி மெலிச்ச ஃபிலிம் அந்த அளவுக்கு கீழ போனா படிகமே சரியா வளராம திருப்பறது இன்னும் கஷ்டமாயிடுது. நானோன்னாலே சூப்பர்னு எழுதறவங்க இதை கண்டுக்கறதே இல்ல. தட்டையா நசுக்குறதும் சந்துக்குள்ள விடுறதும் ஒண்ணு கிடையாது.

அப்புறம் எலக்ட்ரோட் வைக்கணும்னா அந்த மேல் அடுக்கை எப்படியும் வழிச்சு எடுத்துதான் ஆகணும். ஆறுனதுக்கு அப்புறம் வழிங்க, முன்னாடி வழிச்சீங்கன்னா ஓட்டைக்கு ஓட்டை ஒரு திசை.