ஆற்றுக்கு இரண்டு படுகைகள்

ஆற்றுக்குப் படுகை ஒன்றல்ல, இரண்டு என்பது பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் தடத்தைச் 'சிறு படுகை' என்றும், பெருவெள்ளத்தில் நீர் பரவிக் கிடக்கும் நிலத்தைப் 'பெரும் படுகை' என்றும் அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். நாம் வெள்ளச் சமவெளி என்று அழைப்பது இந்த இரண்டாவது படுகையைத்தான். எப்போதோ ஒருமுறை வந்து படுப்பதால் அந்த இடமும் ஆற்றுடையது என்பதே மறந்துவிடுகிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் அது காலி நிலமாகத்தான் தெரியும்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல் இந்த மறதிக்குத் துணைபோகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதல்ல அதன் பொருள்; எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதுதான். ஒரு வீட்டில் 30 ஆண்டுகள் குடியிருந்தால், அதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்க 26 சதவீத வாய்ப்பு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று. போன ஆண்டுதான் வந்ததே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பகடைக்கு நினைவாற்றல் கிடையாது.

வெள்ளத்தைத் தடுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால் உள்ளாட்சிகள் சுவரையும் கரையையும் காட்டும். என்னைக் கேட்டால், அவற்றிடம் உள்ள வலுவான கருவி கட்டட அனுமதி முத்திரைதான்.

ஒருவர் தாழ்வான மனையில் மண் கொட்டி ஒரு மீட்டர் உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனை ஒரு ஹெக்டேர். வெள்ளக் காலத்தில் அங்கே தேங்கியிருக்கக்கூடிய 10,000 கன மீட்டர் நீருக்கு, அதாவது ஒரு கோடி லிட்டருக்கு, இனி அங்கே இடமில்லை. அவர் வீடு நனையாது. நீர் பக்கத்து வீட்டைத் தேடிப் போகும். ஒரு மனையால் வரும் நீர்மட்ட உயர்வை அளந்து பார்த்தாலும் தெரியாது. ஐம்பது மனைகளுக்கு அனுமதி கொடுத்த பிறகு தெரியும். அதனால்தான் பல ஊர்களில், கொட்டும் மண்ணுக்கு ஈடாக அதே வெள்ளச் சமவெளியில் வேறிடத்தில் தோண்டி இடம்விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அமெரிக்காவில் சமவெளியையே இரண்டாகப் பிரிக்கிறார்கள். வேகமாக நீர் பாயும் நடுப்பகுதியில், வெள்ள மட்டத்தை உயர்த்தும் எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதியில்லை. இரு ஓரங்களையும் முழுக்க மேடாக்கினாலும் நீர்மட்டம் ஓரடிக்கு மேல் உயராதபடி அந்த நடுப்பகுதியின் எல்லையை வரைகிறார்கள். அந்த ஓரடியும் அதிகம் என்று கருதி, துளியும் உயரக்கூடாது என்று விதித்த உள்ளாட்சிகளும் உண்டு.

கரைகள் வேண்டாம் என்பதல்ல. ஆனால் அவற்றில் ஒரு பொறி இருக்கிறது. கரை எழுந்ததும் பயம் போகிறது. பயம் போனதும் அதன் பின்னால் வீடுகள் முளைக்கின்றன. ஒரு நாள் கரை மீறும்போது, கரையே இல்லாத காலத்தைவிடச் சேதம் கூடுகிறது. வெள்ளம் கடவுளின் செயல், வெள்ளச் சேதமோ பெரும்பாலும் மனிதனின் செயல் என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1940களிலேயே எழுதினார். கரை கட்டுவதில் கைதேர்ந்த நெதர்லாந்து, 1995இல் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்த பிறகு, எதிர்த்திசையில் நடந்தது. நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, விட்ட இடத்தில் ஆற்றுக்கு ஒரு கிளை வெட்டிக் கொடுத்தார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது.

ஏற்கெனவே கட்டிய வீடுகளை என்ன செய்வது? மூன்று மீட்டர் அகலச் சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அதன்மேல் விழும் அழுத்தம் சுமார் ஒன்றரை டன். கதவிடுக்கை அடைத்து நீரை முழுவதும் வெளியே நிறுத்தினால் சுவரே சாயலாம். எனவே வாழும் தளத்தைத் தூக்கிக் கட்டி, கீழே வாகனம் நிறுத்தும் பகுதியின் சுவர்களில் துவாரம் விடச் சொல்கிறார்கள். நீர் உள்ளே வந்து இருபுறமும் சமமாகிவிட்டால் சுவர் தப்பும். மின்பெட்டி மட்டும் வெள்ள மட்டத்துக்கு மேலே ஏறிவிட வேண்டும்.

முத்திரைக்கு உண்மையான சோதனை வெள்ளம் வடிந்த பிறகுதான். பழுதுபார்க்கும் செலவு கட்டட மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், இப்போதைய விதிப்படி உயர்த்திக் கட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. சேறு காயாத தெருவில் அதிகாரி வீடு வீடாகப் போய் மதிப்பிடுகிறார். எல்லாவற்றையும் இழந்தவர் வாசலில் நின்று 49 என்று எழுதும்படி கேட்கிறார். 49 என்று எழுதினால், பழைய உயரத்திலேயே அந்த வீடு அடுத்த வெள்ளத்துக்குத் தயாராகிவிடும்.