கொரியச் செய்தியில் 'தான்ஹெக்' வந்தால் அவசரப்படாதீர்கள்

பதவி நீக்கத்துக்கான நடவடிக்கையைக் கொரிய மொழியில் 'தான்ஹெக்' என்பார்கள். அந்த மொழியைக் கற்பிக்கும்போது நான் திரும்பத் திரும்பத் திருத்தும் ஒரு வாக்கியம் உண்டு: "2024 டிசம்பர் 14 அன்று தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் பதவி நீக்கப்பட்டார்." அன்று அவர் பதவி போகவில்லை. நாடாளுமன்றத்தில் 204 பேர் ஆதரித்து வாக்களித்ததால் அவருடைய அதிகாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, அவ்வளவுதான். பதவி போனது 2025 ஏப்ரல் 4 அன்று, அரசியல் சாசன நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது.

கொரியர்கள் இதில் குழம்புவதில்லை. நாடாளுமன்றம் குற்றம்சாட்டி நீதிமன்றத்துக்கு அனுப்புவது 'தான்ஹெக் சோச்சு'. அதிபர் மீது அதை நிறைவேற்ற 300 உறுப்பினர்களில் 200 பேராவது ஆதரிக்க வேண்டும். நீதிமன்றம் பதவியைப் பறித்தால் 'பாம்யொன்'. மனுவைத் தள்ளினால் 'கிகாக்'. 2004 மார்ச்சில் அப்போதைய அதிபர் ரோ மூ ஹ்யோன் மீது நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மே மாதம் நீதிமன்றம் அதைத் தள்ளியதும் அவர் மறுபடி அதிபர் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 2017-இல் அதிபர் பார்க் குன் ஹேவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை, நீதிமன்றம் அவர் பதவியைப் பறித்தது. செய்திகளில் எந்தக் கட்டம் என்று சொல்லாமல் பெரும்பாலும் 'தான்ஹெக்' என்று சுருக்கியே எழுதுவார்கள். அதனால்தான் வெளியிலிருந்து வாசிப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது 'யொதாங்'. அகராதி 'ஆளுங்கட்சி' என்று சொல்லும். நமக்கு உடனே சபையில் பெரும்பான்மை உள்ள கட்சி என்று தோன்றும். அங்கே அப்படி இல்லை, அதிபரின் கட்சிதான் யொதாங். 2024 ஏப்ரல் தேர்தலுக்குப் பிறகும் யூனின் கட்சி சபையில் சிறுபான்மைதான், ஆனாலும் அதுவே யொதாங். பெரும்பான்மை வைத்திருந்த ஜனநாயகக் கட்சி 'யாதாங்', அதாவது எதிர்க்கட்சி. இது புரியாவிட்டால் அந்த ஆண்டு நடந்த மோதல் எதுவுமே விளங்காது.

'ஜொங்பு', 'ஜொங்க்வொன்' இரண்டையும் 'அரசு' என்றே எழுதிவிடுகிறோம். அதிபர் பெயரோடு ஜொங்பு வந்தால் அது அவருடைய நிர்வாகம், நடுநிலையான சொல். ஜொங்க்வொன் என்பது அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் தரப்பு. எதிர்ப்பாளர்கள் பேச்சில் இதைத்தான் அதிகம் கேட்கலாம். ராணுவ ஆட்சியையும் 'குன்சா ஜொங்க்வொன்' என்பார்கள். ஆனால் தேர்தலில் வரும் ஆட்சி மாற்றத்துக்கும் 'ஜொங்க்வொன் க்யோச்சே' என்றுதான் பெயர், அதில் கண்டனம் இல்லை.

சரி, தலைப்பில் தான்ஹெக் கண்ணில் பட்டால் என்ன செய்வது? பக்கத்தில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நாடாளுமன்றம் என்றால் வழக்கு இன்னும் முடியவில்லை. 'ஹொன்ஜே', அதாவது அரசியல் சாசன நீதிமன்றம் என்றால், பாம்யொனா கிகாக்கா என்று பார்த்த பிறகே தமிழில் எழுதுங்கள்.