நீருக்குள் லேசர் கல்லை எப்படி உடைக்கிறது?

"லேசரால் கல்லைச் சுடுகிறார்களே, பக்கத்தில் இருக்கும் சதை வெந்துபோகாதா?" சிறுநீரகக் கல்லுக்கு லேசர் சிகிச்சை என்று மருத்துவர் சொன்னதும் பலருக்கும் எழும் கேள்வி இது. கவனம் தப்பினால் வேகத்தான் செய்யும். வேகாமல் காப்பது எது, அந்தக் காப்பு எப்போது கைவிடும் என்று தெரிந்துகொண்டால் இந்தச் சிகிச்சையின் முக்கால்வாசி புரிந்துவிடும். இரண்டுக்கும் விடை தண்ணீரில் இருக்கிறது.

பாதை எளிமையானது. உடலில் கத்தி படுவதில்லை. மயக்க மருந்து கொடுத்தபின் சிறுநீர் வெளியேறும் வழியாகவே யூரிட்டரோஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்கியை நுழைத்து, சிறுநீர்ப்பையைக் கடந்து, சிறுநீர்க்குழாயில் ஏற்றி, கல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சிறுநீரகத்துக்குள் போகும் வளையும் கருவியின் தடிமன் ஏறக்குறைய 3 மி.மீ. அதற்குள் கேமரா, விளக்கு, முனையை வளைக்கும் கம்பிகள் எல்லாம் போக, மிஞ்சும் துளையின் அகலம் 1.2 மி.மீ. லேசர் ஃபைபரும் உள்ளே பாய்ச்சும் உப்புநீரும் அந்த ஒரே துளையைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஃபைபர் தடித்தால் தண்ணீர் குறையும், கருவியும் வளையாது. அதனால்தான் உள்ளே ஒளி செல்லும் கண்ணாடி இழை 0.2 மி.மீ. அளவில் இருக்கும்படி தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனி ஒளிக்கு வருவோம். பரவலாகப் பயன்படும் ஹோல்மியம் லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 2,100 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எங்கே குறிவைக்கிறோம் என்று தெரிவதற்காகவே கண்ணுக்குத் தெரியும் இன்னொரு மெல்லிய ஒளிப்புள்ளியைக் கூடவே அனுப்புகிறார்கள். இந்த அகச்சிவப்பைத் தண்ணீர் ஆவலோடு விழுங்கிவிடும். 0.4 மி.மீ. ஆழத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துபோகும். புதிதாக வந்த துலியம் ஃபைபர் லேசரின் 1,940 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் அதைவிட நான்கு மடங்கு வலுவாக உறிஞ்சுகிறது. நம் சதையிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆகவே ஃபைபர் முனை சுவரிலிருந்து ஓரிரு மி.மீ. தள்ளியிருந்தால், நடுவிலுள்ள நீரே கேடயமாகிவிடும். முனை சுவரைத் தொட்டுவிட்டாலோ துளை விழும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். தண்ணீர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்றால் கல்லுக்கு என்ன போய்ச் சேரும்?

இந்தச் சிகிச்சையின் அழகே இதற்கான பதிலில்தான் இருக்கிறது. லேசர் தொடர்ந்து எரிவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. அரை ஜூல் ஆற்றலுள்ள ஒரு துடிப்பு 250 மைக்ரோவிநாடியில் முடிகிறது என்று கொள்வோம். அந்தக் கணத்தில் மட்டும் அதன் திறன் 2,000 வாட். 0.2 மி.மீ. முனையிலிருந்து அது வெளிவரும்போது சதுர சென்டிமீட்டருக்கு 60 லட்சம் வாட்டுக்கு மேல் செறிவு. துடிப்பின் முற்பகுதி முனையை ஒட்டிய நீரைக் கணத்தில் கொதிக்கவைத்து ஒரு நீராவிக் குமிழியை ஊதிவிடுகிறது. குமிழிக்குள் இருப்பது ஆவி. அதில் ஒளியை விழுங்கும் மூலக்கூறுகள் மிகக் குறைவு. எனவே துடிப்பின் பிற்பகுதி, முற்பகுதி திறந்துவிட்ட வழியில் தடையில்லாமல் ஓடிக் கல்லில் அடிக்கிறது. அடுத்த கணம் குமிழி உடைந்து நீர் மீண்டும் மூடிக்கொள்ளும். அடுத்த துடிப்பு மறுபடியும் வழி வெட்டும். கடல் பிளந்து வழிவிட்ட கதையை நினைத்து இதற்கு 'மோசஸ் விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே துடிப்பு தனக்கான பாதையையும் போட்டுக்கொண்டு, அதே பாதையில் பயணமும் செய்துவிடுகிறது! சில கருவிகளில் துடிப்பையே இரண்டாகப் பிரித்து, முதல் பாதியைக் குமிழிக்கும் இரண்டாம் பாதியைக் கல்லுக்கும் என ஒதுக்குகிறார்கள்.

குமிழி உடையும் அதிர்ச்சிதான் கல்லை நொறுக்குகிறது என்று நினைக்கத் தோன்றும். ஹோல்மியத்தைப் பொறுத்தவரை முதன்மையான வேலையைச் செய்வது வெப்பம். குமிழி உடைவதற்கு முன்பே கல்லில் குழி விழத் தொடங்குவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கல்லின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் ஏற்கெனவே நீர் ஊறியிருக்கிறது. ஒளி பட்டதும் அது ஆவியாகி விரிய இடமில்லாமல் கல்லை உள்ளிருந்து வெடிக்கவைக்கிறது. சின்னச் சின்னத் துடிப்புகளால் கல்லைப் பொடியாக்கும்போது குமிழி உடையும் விசைக்கும் கணிசமான பங்கு உண்டு என்று அண்மைச் சோதனைகள் காட்டுகின்றன.

வெப்பம்தான் காரணம் என்பதற்கு வேதியியலும் சாட்சி சொல்கிறது. மிகப் பரவலான கல் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட். லேசர் பட்ட பிறகு அதன் துகள்களைச் சோதித்தால் கால்சியம் கார்பனேட் கிடைக்கிறது. ஆக்சலேட் அப்படிச் சிதைய 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். சுற்றிலும் குளிர்ந்த உப்புநீர் ஓடிக்கொண்டிருக்க, ஊசிமுனை இடத்தில் அவ்வளவு சூடு! யூரிக் அமிலக் கல்லிலிருந்து சிறிதளவு சயனைடுகூட உண்டாகிறது. கேட்டதும் பயம் வரும். ஆனால் நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது, நோயாளிக்குத் தீங்கு தரும் அளவு சேர்வதில்லை.

கல்லின் நிறத்தை நம்பாமல் நீரை நம்புவதால்தான் இந்த லேசருக்கு எல்லா வகைக் கல்லும் ஒன்றாகிறது. 1980களில் இருந்த, சாயக் கரைசலிலிருந்து ஒளி எடுக்கும் 'சாய லேசரின்' பச்சை ஒளியைச் சிஸ்டின் என்ற வகைக் கல் சரியாக உறிஞ்சாது, அதனால் உடையவும் உடையாது. ஹோல்மியம் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஹோல்மியம், துலியம் என்ற இரண்டு தனிமங்களையும் 1879இல் ஒரே தாதுப்பொருளிலிருந்து பிரித்து அடையாளம் கண்டவர் சுவீடன் வேதியியலாளர் பெர் தியோடர் கிளீவ். எதற்குப் பயன்படும் என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. லேசர் என்ற கருவியே 1960இல்தான் பிறந்தது. ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே "சமூகப் பயன் என்ன?" என்று கேட்டு, பதில் சொல்ல முடியாத அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணத்தை மறுப்பது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. அருமண் தனிமங்களைப் பொறுமையாகப் பிரித்தவர்கள் இல்லாமல் இந்தச் சிகிச்சை இல்லை.

அறுவை அரங்கில் மருத்துவர் கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: ஒரு துடிப்பின் ஆற்றல், விநாடிக்கு எத்தனை துடிப்பு. இரண்டையும் பெருக்கினால் வாட். 0.3 ஜூல், 50 ஹெர்ட்ஸ் என்றால் 15 வாட். இப்படி ஆற்றலைக் குறைத்து வேகத்தைக் கூட்டினால் கல் பொடியாகும். 1 ஜூல், 8 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் துண்டுகளாக உடையும், அவற்றை 'நிட்டினால்' என்ற உலோகக் கலவையில் செய்த கம்பிக் கூடையால் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். ஆற்றல் கூடினால் கல் பின்னால் உதைத்துத் தள்ளப்படும். சிறுநீர்க்குழாயில் இருந்த கல் மேலே சிறுநீரகத்துக்குள் ஓடிப்போவது இதனால்தான். துடிப்பை நீட்டி வைத்தால் உதை குறையும்.

ஃபைபரைக் கருவிக்குள் செலுத்தும்போது கருவி நேராக இருக்க வேண்டும். வளைந்த நிலையில் திணித்தால் முனை கருவியின் உள்சுவரைக் கிழிக்கும். முனை வெளியே நன்றாகத் தெரியும்வரை லேசரை இயக்கும் கால்மிதியை அழுத்தக்கூடாது, அழுத்தினால் கேமரா போய்விடும். வழிகாட்டிக் கம்பியையும் கூடையையும்கூட லேசர் அறுத்துவிடும்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். கல்லைத் தாக்கிய ஆற்றல் கடைசியில் வெப்பமாகத்தான் நீரில் சேர்கிறது. 20 வாட் என்றால் நிமிடத்துக்கு 1,200 ஜூல். நிமிடத்துக்கு 15 மி.லி. உப்புநீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1 டிகிரி சூடாக்க 63 ஜூல் போதும். ஆக, 19 டிகிரி கூடும். 22 டிகிரியில் உள்ளே போன நீர் 41இல் நிற்கும், பாதகமில்லை. அதே ஓட்டத்தில் 40 வாட் வைத்தால் 60 டிகிரி! ரத்த ஓட்டம் கொஞ்சம் சூட்டை எடுத்துச் சென்றாலும் அது போதாது. சதைக்கான கணக்கு இது: 43 டிகிரியை 120 நிமிடம் தாங்கும். ஒவ்வொரு டிகிரி ஏற ஏற அந்த நேரம் பாதியாகும். 50 டிகிரியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, 56இல் ஏறக்குறைய ஒரு விநாடி. எனவே குறுகலான சிறுநீர்க்குழாயில் 10 வாட் அளவில் நிறுத்திக்கொள்வதும், மிதியிலிருந்து காலை அவ்வப்போது எடுப்பதும், உப்புநீர்ப் பை காலியாகாமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம். பை தீர்ந்ததை யாரும் கவனிக்காத அரை நிமிடம் சிறுநீர்க்குழாயைச் சுருங்கவைத்து அடைத்துவிடக்கூடும்.

அப்படியானால் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிவிட்டால் என்ன? அழுத்தம் கூடும். சிறுநீரகத்துக்குள் அழுத்தம் 30–40 செ.மீ. நீர்மட்டத்தைத் தாண்டினால் நீர் ரத்தக்குழாய்களுக்குள் பின்னோக்கிப் புகுகிறது. அதில் கிருமி இருந்தால் ரத்தம் நஞ்சாகும். இந்தச் சிகிச்சையில் உயிருக்கே ஆபத்தான சிக்கல் இதுதான். அறுவைக்கு முன் சிறுநீர் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) கேட்பது சடங்குக்காக இல்லை. கருவியைச் சுற்றி நீர் வெளியேற இடம்விடும் உறையைப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கல் பெரிதானால் லேசர் ஏன் சிரமப்படுகிறது? விட்டம் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகிறது. 10 மி.மீ. கல் சுமார் 520 கன மி.மீ. ஒரு கன மி.மீ.க்கு 15 ஜூல் என்று வைத்தால் 7,800 ஜூல், 15 வாட்டில் ஒன்பது நிமிட லேசர். 20 மி.மீ. கல்லுக்கு அது 70 நிமிடம். 2 செ.மீ.க்கு மேல் போனால் முதுகு வழியாகத் துளையிட்டு எடுக்கும் முறையை முதலில் பரிந்துரைப்பதன் பின்னணி இதுவே.

முடிந்ததும் பெரும்பாலும் டிஜே ஸ்டென்ட் என்ற இரு முனையும் சுருண்ட குழாயைச் சிறுநீர்க்குழாய்க்குள் வைத்துவிடுவார்கள். சில நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வரும், அடிக்கடி போகவேண்டும் போலிருக்கும். இவை எதிர்பார்க்கக்கூடியவை. குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஸ்டென்டை எடுக்கும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் மறந்தால் அதன் மேலேயே கல் படியும். துண்டுகளைத் தூக்கி எறியாமல் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கல்லையும் கரைக்கும் என்று விற்கப்படும் மருந்துகளை நம்ப வேண்டாம். யூரிக் அமிலக் கல் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் உண்மையிலேயே கரையும், கால்சியம் ஆக்சலேட் கரையாது. உங்களுடையது எது என்பதைப் பகுப்பாய்வுதான் சொல்லும்.

உள்ளே மிஞ்சிய பொடி வெளியேறவும், புதிய கல் சேராமலிருக்கவும் மறுபடியும் தண்ணீர்தான். எத்தனை குவளை குடித்தோம் என்று எண்ணுவதைவிட, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை அளவுப் பாத்திரத்தில் சேர்த்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 2.5 லிட்டர் தேறவேண்டும்.