நெட்வொர்க் கார்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்

மணலி, திருவொற்றியூர் வட்டாரத்துச் சரக்குப் பெட்டக முனையங்களில் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். எடைமேடைக் கணினியின் இணைப்பு அறுந்தால் எடை சர்வருக்குப் போகாது, சீட்டு வராது, கன்டெய்னர் லாரிகள் சாலை வரைக்கும் நின்றுவிடும். அந்த நெருக்கடியில் கேபிளை மாற்றுவார்கள், கார்டை மாற்றுவார்கள், லினக்ஸின் மையநிரலான கெர்னலில் பழைய பதிப்புக்குத் திரும்புவார்கள். வேலை ஓடியதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடுத்த அப்டேட்டில் அதே கோளாறு மீண்டும் வந்து நிற்கும்.

அண்மையில் ஒரு முனையத்தில் லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு, போக்குவரத்து கூடும்போதெல்லாம் இணைப்பு விழுந்தது. "கார்டு போய்விட்டது அண்ணே, புதிது வாங்கிவிடலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தோம். கார்டு வெளியே அனுப்ப வேண்டிய தரவின் வரிசை (வரிசை 0) அசையாமல் நின்றுவிட்டது என்று, கெர்னலின் கண்காணிப்பு வசதியான வாட்ச்டாக் எச்சரித்திருந்தது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயரும் அதே வரியில் இருந்தது. பழைய கெர்னலில் ஏற்றியதும் அதே கார்டு சாயங்காலம் வரை பிசகாமல் ஓடியது. கார்டின் மேல் குற்றமில்லை.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்சம் போங்கள். எந்தப் பதிப்பில் ஓடியது, எதில் விழுந்தது, ஈத்டூல் கட்டளை காட்டும் டிரைவர், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) விவரம், கார்டின் வகையைச் சொல்லும் பிசிஐ எண், எப்படிச் செய்தால் கோளாறு மீண்டும் வருகிறது என அனைத்தையும் கெர்னலை உருவாக்குபவர்களுக்குப் புகாராக எழுதுங்கள். உற்பத்தியாளர் தனியாகத் தரும் டிரைவரை நீக்கிவிட்டு, புதிய கெர்னலில் அதனுடனேயே வரும் டிரைவரைக் கொண்டு சோதியுங்கள். இல்லாவிட்டால் கெர்னல்காரர்கள் அதைக் கையில் எடுப்பது அரிது. ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் நடுவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். கோளாறைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடும் கருவியான கிட் பைசெக்ட் பாதி பாதியாகக் கழித்து, ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளியைக் காட்டிவிடும். அந்த மாற்றத்தின் அடையாள எண்ணோடு வரும் புகாருக்குத்தான் விரைவில் பதில் கிடைக்கிறது. யாருக்கு அனுப்புவது என்பதைக் கெர்னல் மூலநிரலில் பகுதிவாரியாகப் பராமரிப்பாளர்களைப் பட்டியலிடும் மெயின்டெய்னர்ஸ் கோப்பு சொல்லும்.

டிரைவர் மேல் பழி போடவும் அவசரப்படக் கூடாது. 2008இல் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகள், இன்டெல் இ1000இ டிரைவரில் ஓடிய கார்டுகளில், மின்சாரம் நின்றாலும் விவரங்களைக் காக்கும் நிலைநினைவகத்தையே கெடுத்தன. எல்லோரும் டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். கடைசியில் சிக்கியது கெர்னலுக்குள் எது எப்போது ஓடுகிறது என்று தடம் பார்க்கும் வசதியான எஃப்டிரேஸ்.

புகார் அனுப்பியவர் காணாமல் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். "இந்தத் திருத்தத்தை ஓட்டிப் பாருங்கள்" என்று பராமரிப்பாளர் கேட்கும்போது, உங்கள் கார்டும் மதர்போர்டும் அவரிடம் இருப்பதில்லை. நீங்கள் பதில் தராவிட்டால் திருத்தம் கிடப்பில் விழும். இரவில் லாரி வரத்துக் குறையும் நேரத்தை முனையத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிச் சோதியுங்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் ஒரு தரவுப் பாக்கெட்டே கணினியைச் சாய்க்கிறது என்றால் பொதுவில் எழுதாமல், கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் தெரிவியுங்கள்.

திருத்தம் முதன்மைக் கெர்னலில் சேர்ந்து, திருத்தங்கள் மட்டும் சேரும் ஸ்டேபிள் பதிப்புகளுக்கு வந்து, பிறகே டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளை எட்டும். அதுவரை அந்த ஒரு கணினியில் மட்டும் பழைய கெர்னலை வைத்திருங்கள். முனையம் முழுவதற்கும் அப்டேட்டை நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நின்றுபோகும்.