துறைசார் மொழிபெயர்ப்புக்கு ஆளைத் தேடும்போது

ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, இயந்திரக் கையேடு போன்றவற்றை மொழிபெயர்க்க ஆள் தேடி வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்பவற்றைத்தான். மொழிபெயர்த்து முடித்ததை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17100 (2015), இந்த ஒப்பீட்டை மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் செய்தாக வேண்டும் என்கிறது. அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலும் கைவிடப்படுவது இந்த வேலைதான்.

இரு மொழிகளும் சரளமாக வருவது அடிப்படைத் தகுதி மட்டுமே. ஜெர்மன் மொழியிலுள்ள ஆய்வக அறிக்கையில் '1,500' என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு அன்று, ஒன்றரை. அங்கே தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளிதான் வரும். மொழி மட்டும் தெரிந்தவர் எண்தானே என்று அப்படியே எடுத்தெழுதிவிடுவார். மருத்துவ ஆவணங்களில் பழகியவரோ அலகையும் வழக்கமான அளவையும் பார்த்து, ஐயம் எழுந்தால் உங்களையே கேட்பார். ஆவணத்தை முழுதும் படித்த பின்னும் ஒரு கேள்விகூடக் கேட்காதவரை நான் எளிதில் நம்புவதில்லை. மாதிரி கேட்பதானால், முகவுரையை விட்டுவிட்டுச் சிக்கலான பத்தி ஒன்றைக் கொடுங்கள். அதற்கும் ஊதியம் தந்து, அந்தத் துறையை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவார்களா என்பதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். அதில் தவறில்லை, அதைத் திருத்தும் பணிக்கென்றே ஐஎஸ்ஓ 18587 என்ற தரம் 2017-இல் வந்துவிட்டது. உங்களிடம் மறைப்பதும், நோயாளியின் பெயரோடு உள்ள அறிக்கையை இலவச இணையச் சேவையில் ஏற்றுவதும்தான் தவறு.

பேச்சை உடனுக்குடன் பெயர்த்துச் சொல்லும் உரைபெயர்ப்பாளருக்கு வேண்டிய பயிற்சி வேறு. எழுத்தில் தேர்ந்த பலருக்கும் (எனக்கும்தான்) அது கைவராது. கருத்தரங்குகளில் ஒலி புகாத சிற்றறையில் அமர்ந்து பெயர்ப்பவர்கள், இருவராக, சுமார் 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வது வழக்கம் என்பதால், நாள் முழுதும் தனியாகவே செய்துவிடுவேன் என்பவரிடம் எச்சரிக்கை தேவை. மருத்துவமனையில் நோயாளியின் பிள்ளையையே பெயர்த்துச் சொல்ல வைப்பதோ சற்றும் ஏற்கத்தக்கதன்று: தீவிரத்தைப் பிள்ளை குறைத்துச் சொல்லக்கூடும், பிள்ளையின் முன் சொல்லக் கூசுவதை நோயாளி மறைக்கவும் கூடும்.

யாரை அமர்த்தினாலும் நிகழ்ச்சி நிரல், உரைகள், கலைச்சொற்கள், பேச்சாளர் பெயர்கள் ஆகியவற்றைச் சில நாள்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அன்று காலை மேடையருகே நீட்டப்படும் தாள்களைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது.