கண்டிஷனிங்: நிபந்தனையா, உரமா, பதமா?

‘ஆர்னிஸ் வீரர்களுக்கான பயிற்சி மற்றும் நிபந்தனை.’ பிரம்பை ஆயுதமாகக் கொண்ட ஆர்னிஸ் முதலான பிலிப்பைன்ஸ் தற்காப்புக் கலைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுகிறவற்றில் இந்தத் தொடர் ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. ‘மணிக்கட்டு நிபந்தனை’, ‘நிபந்தனைப் பயிற்சி’, ‘நன்கு நிபந்தனைக்குட்பட்ட தோள்’. வாடகைப் பத்திரத்திலும் கடன் பத்திரத்திலும் இருக்க வேண்டிய சொல்லை மணிக்கட்டின்மேல் கொண்டுவந்து வைத்தால், படிக்கிற மாணவனுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. எதை, எவ்வளவு, எதற்காகச் செய்யவேண்டும் என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லே வழியை மறிக்கிறது.

இப்படி நிபந்தனையாகிவிட்ட ‘கண்டிஷனிங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘கோண்டிகியோ’ என்றால் கூடிப் பேசி முடிவு செய்தது. அதிலிருந்து ஒப்பந்தத்தின் ஷரத்து என்ற பொருள் வந்தது. பிறகு ஒன்று இருக்கிற நிலை. பிறகு ஒன்றை வேண்டிய நிலைக்குக் கொண்டுவருதல். இந்தக் கடைசிப் பொருள் ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் வேர்பிடித்தது. நூலாலைகளில் நூலுக்கு அளவாக ஈரம் ஏற்றுவதைக் கண்டிஷனிங் என்றார்கள். ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க ஆலைப் பொறியாளர் 1906இல் அதைப் பார்த்தே ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை உண்டாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் நாய்ச் சோதனைகள் வழியாகச் சொல் உளவியலுக்கும் போனது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஷரத்திலேயே நின்றுவிட்டார்கள். விளையாட்டுக்காரர்கள் பேசுவது நூலாலைப் பொருளை.

உளவியல் பாடநூல்களில் உள்ள ‘ஆக்கநிலையிறுத்தல்’ என்ற சொல்லையும் சிலர் இங்கே இழுத்துவருகிறார்கள். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுவதற்கு அது இருக்கட்டும். ஆர்னிஸிலும் அதற்கு ஒத்த பயிற்சி இருக்கத்தான் செய்கிறது: பல முறைகளில் அடிகளுக்கு எண் உண்டு, பெரும்பாலும் 12. ஆசிரியர் ஓர் எண்ணைச் சொல்லி அடிக்க, யோசிக்காமல் மாணவனின் கை அதற்குரிய தடுப்புக்குப் போகவேண்டும். ஆனால் அதற்குத் தமிழில் ‘பழக்குதல்’ என்ற சொல் தயாராக இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் பயிற்சிக்கு ‘பக்சசனாய்’ என்பார்கள். அதன் வேரான ‘சனாய்’ என்பதற்குப் பழகிப்போன, கைவந்த என்றே பொருள். ஆக, பழக்குவது ஒரு வேலை. பழகுவதற்கு ஏற்றபடி உடம்பை ஆக்கிவைப்பது இன்னொரு வேலை. கண்டிஷனிங் இந்த இரண்டாவது.

நிபந்தனையை ஒதுக்குவது எளிது. எனக்கு உண்மையான சண்டை ‘உரமேற்றல்’ என்ற சொல்லோடுதான். தனித்தமிழ் ஆர்வம் உள்ளவர்கள் ‘உடல் உரமேற்றல்’ என்று எழுதுகிறார்கள். ஓசை நன்றாக இருக்கிறது, வடமொழிக் கலப்பில்லை, ‘உரம்’ பழைய சொல். அதனாலேயே யாரும் அதைத் தட்டிக் கேட்பதில்லை. தூய சொல்லாக இருந்தால் மட்டும் போதாது. செய்யச் சொல்லும் காரியத்தைச் சரியாகக் காட்டவும் வேண்டும். உரம் ஒரே பக்கம்தான் போகும்: வலிமை, திண்மை, இறுக்கம். ‘கைகளை உரமேற்றுங்கள்’ என்று படிக்கிறவன் என்ன செய்வான்? கனமான இரும்புக் குழாயை எடுத்துச் சுழற்றுவான். முன்கையைக் கம்பத்தில் மோதி மரத்துப்போகச் செய்வான். ஒகினாவா கராத்தேயில் முன்கையோடு முன்கை மோதிச் செய்கிற ‘கோத்தே கிதாயே’க்கு உரமேற்றல் என்று எழுதினால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆர்னிஸின் கணக்கு வேறு.

2009 டிசம்பரில் குடியரசுச் சட்டம் 9850 வழியாகப் பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்ட இந்தக் கலையில், கையில் இருக்கும் பிரம்பு பெரும்பாலும் ஒரு கத்தியின் இடத்தில் இருக்கிறது. கத்தி வெட்டை எந்த முன்கையும் தாங்காது. ஆகவே அடி தாங்கும் எலும்பு இங்கே குறிக்கோளாக இருக்க முடியாது. வேண்டியது, விலகும் கால், தளர்ந்த மணிக்கட்டு, தொடர்ந்து அடித்தாலும் சோராத பிடி, மூன்று நிமிடம் ஓடியும் கலையாத மூச்சு. இந்த நான்கில் ‘உரம்’ பொருந்துவது பிடிக்கு மட்டும்; அதுவும் பாதிதான்.

அந்தப் பாதியை விளக்கவேண்டும், சொல்லின் தவறு அங்கேதான் கையில் வலியாக வந்து இறங்குகிறது. பயிற்சிப் பிரம்பு வழக்கமாக 28 அங்குல நீளம், ஓர் அங்குலத் தடிமன், 200 கிராம் அளவில் எடை. அடிப்புறத்தில் ஒரு முஷ்டி அகலம் விட்டுப் பிடிப்பார்கள். அந்தக் குமிழ்ப் பகுதிக்குப் ‘புன்யோ’ என்று பெயர். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் பிரம்பை வைத்திருக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழி காட்டும். பிடி எப்போதும் இறுகியிருக்கக் கூடாது. அடி படுகிற நொடியில் இறுகி, உடனே தளரவேண்டும். சாட்டைபோலச் சொடுக்குகிற ‘விதிக்’ அடியும், விசிறிபோல மணிக்கட்டைப் புரட்டுகிற ‘அபனிக்கோ’ அடியும் இந்தத் தளர்ச்சி இல்லாமல் வராது. உரமேற்றல் என்று படித்துவிட்டு முழுநேரமும் இறுக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் முன்கை கல்லாகிவிடும். பிரம்பின் வேகமும் போய்விடும்.

அதைவிடப் பெரிய கெடுதல் முழங்கைக்கு. மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்துகிற தசைகளின் நாண்கள் முழங்கையின் வெளிப்புற எலும்புமுனையில் வந்து சேர்கின்றன. இறுகிய பிடியோடு அடித்தால், ஒவ்வோர் அடியின் அதிர்வும் அந்த ஓரிடத்தில் போய் இழுக்கும். தசை சில வாரங்களில் வலுத்துவிடும். நாண் வலுக்க மாதக்கணக்கில் ஆகும். இடையிலுள்ள அந்தக் காலத்தில்தான் டென்னிஸ் எல்போ வருகிறது.

டயர் அடிப்பதை எடுத்துக்கொள்வோம். பழைய கார் டயர்களைக் கம்பத்தில் அடுக்கியோ கயிற்றில் தொங்கவிட்டோ பிரம்பால் அடிப்பது பிலிப்பைன்ஸ் முறைகளில் பரவலாக உள்ள பயிற்சி. ரப்பர் பிரம்பைத் திருப்பி எறியும். அந்த எதிர்த்துள்ளலை வாங்கி அடுத்த அடிக்குத் திருப்பிவிட மணிக்கட்டும் தோளும் இடுப்பும் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதுதான் நோக்கம். முதல் இரண்டு வாரம் பாதி வேகத்தில், கைக்கு ஒரு நிமிடம், மூன்று சுற்று போதும். பிறகு வாரத்துக்கு அரை நிமிடம் கூட்டி மூன்று நிமிடத்தோடு நிறுத்தலாம். இடக்கைக்கும் அதே கணக்கு. அடி படும்போது முழங்கை முழுதாக நீண்டு பூட்டிக்கொள்ளக் கூடாது. பின்காலும் இடுப்பும் திரும்பாமல் கை மட்டும் போகக் கூடாது. இந்த இரண்டையும் கவனிக்காமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவதைத்தான் ‘உரமேற்றல்’ தூண்டிவிடுகிறது. கமகோங் மரக் கம்பும் அப்படியே. ஒரே அளவில் பிரம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. காற்றில் மெதுவாகச் சுழற்றத்தான் அது ஆகும். கம்போடு கம்பு மோதவிட்டால் சில்லு தெறிக்கும். பிரம்போ நார்நாராகப் பிரியுமே தவிரச் சிதறாது.

இனி நான் சொல்லும் சொல்: பதம். உடலைப் பதமாக்கல், சுருக்கமாக உடற்பதம்.

பதம் இரண்டு பக்கமும் போகிற சொல். களிமண் பதத்துக்கு வந்தது என்றால் இளகியது. பாகு பதத்துக்கு வந்தது என்றால் இறுகியது. தோலைப் பதனிட்டால் மென்மையும் வரும், உழைக்கும் வலிமையும் வரும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவதால் புளிக்காமல் நிற்கிற சாறு பதனீர். எல்லாவற்றிலும் ஒரே பொருள்: பயன்படுத்தத் தகுந்த சரியான நிலை, குறையாமலும் மிஞ்சாமலும். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று எல்லோரும் சொல்கிறோம். ‘எண்பதத்தான்’, ‘தண்பதத்தான்’ என்று 548ஆம் குறளில் நிலையைக் குறித்தே இருமுறை வருகிறது. அடி, சொல் என்ற பொருளில் வழங்கும் வடமொழிப் பதத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு ஒதுக்கவேண்டியதில்லை.

நூலாலைக்குத் திரும்பிப் பாருங்கள். நூலுக்கு அளவாக ஈரம் ஏற்றுவது கண்டிஷனிங். நாம் அந்த அளவான ஈரத்துக்கு ஏற்கெனவே வைத்திருக்கும் பெயர் ஈரப்பதம். குளிர்வித்து வைக்கும் பெட்டி குளிர்பதனப் பெட்டி. பிற துறைகளில் எப்போதோ முடிந்துபோன வேலையை விளையாட்டில் எழுதுகிறவர்கள் நிபந்தனை என்றும் உரம் என்றும் புதிதாகத் தொடங்கிக் கெடுக்கிறார்கள்.

பிரம்புக்கே இந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். வெட்டி வந்த பிரம்பு கோணலாக, ஈரமாக இருக்கும். உலர்த்தி, தீயில் வாட்டி நிமிர்த்துகிறார்கள். வாட்டுவது குறைந்தால் கனத்துத் துவளும். மிஞ்சினால் உலர்ந்து எடையிழந்து சீக்கிரம் நார் பிரியும். பிரம்புக்குப் பதம் பார்க்கிற அதே சொல்லால் அதைப் பிடிக்கிற கையையும் பேச முடிகிறது. ‘உரமேற்றிய பிரம்பு’ என்று யாராவது எழுதுவார்களா?

எதிர்வாதங்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. ‘கல் காலைப் பதம் பார்த்துவிட்டது’ என்றால் காயம் என்று பொருளாகிறதே என்பது ஒன்று. அது ‘பார்த்தல்’ என்ற வினையோடு வரும் வழக்கு. பதமாக்கல், பதமான கை என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது. மற்றது வலுவான வாதம்: ‘பதப்படுத்துதல்’ இன்று டப்பா உணவுக்குப் போய்விட்டது, ‘உடலைப் பதப்படுத்துதல்’ என்றால் பிணத்தைக் கெடாமல் வைப்பதுபோல் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பதப்படுத்தலை விட்டுப் பதமாக்கல் என்கிறேன். ‘உடற்தகுதி’ என்று எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு: தகுதி என்பது ஃபிட்னஸ், வந்துசேர்ந்த இடம். பதமாக்கல் அங்கே போகும் வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பயிற்சித் திட்டமே எழுத முடியாது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம், கம்பைத் தொடாதவர்கள் அகராதியின் முதல் வரியைப் பார்த்து மொழிபெயர்ப்பதுதான். ‘லைவ் ஹேண்ட்’ என்பது ஆயுதம் இல்லாத கையைக் குறிக்கும். எதிரியின் கையைத் தட்டி, பிடித்து, அடைத்துக் காவல் நிற்கும் கை அது. அதை ‘நேரலைக் கை’ என்று எழுதுகிறார்கள். காவல் கை என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியைக் குறிக்கிற ‘டிரில்’ துளையிடலாகிறது. ‘கேன்’ என்று கண்டால் பிரம்பு இருக்கவேண்டிய இடத்தில் கரும்பு வந்துவிடுகிறது. ‘சினவாலி’யைச் ‘சின்ன வாலி’ என்று பிரித்து எழுதியதும் உண்டு. சவாலி என்பது மூங்கில் பட்டைகளைப் பின்னிச் செய்யும் தட்டி; இரண்டு பிரம்புகளும் அந்தத் தட்டியின் பட்டைகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் சினவாலி. தமிழில் பின்னலடி என்று சொல்லிவிடலாம், அல்லது பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சரி. தெரியாததைத் தெரிந்ததுபோல் பிரித்து எழுதுவதுதான் தவறு.

வழக்கில் எப்படி வரும் என்று காட்டிவிடுகிறேன். ‘ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங்’ என்பதை வலுவும் பதமும் என்று எழுதலாம். அப்போது உரம் என்ற சொல்லும் வீணாகாது; வலுவின் இடத்தில் அது உட்காரட்டும். பிடிக்கும் மணிக்கட்டுக்கும் செய்வது கைப்பதம். தரையில் நாடாவால் ஏறத்தாழ இரண்டடிப் பக்கமுள்ள முக்கோணம் ஒட்டி, முனையிலிருந்து முனைக்குத் தாழ்ந்து காலடி மாற்றுவது காற்பதம். முழங்கால் உள்ளே சரியாமல் பாதவிரல் நோக்கும் திசையிலேயே மடங்குகிறதா என்று அதில் பார்க்கவேண்டும். எதிராளி இல்லாமல் காற்றில் தொடர்ந்து அடித்து நகர்கிற ‘கரென்சா’வை மூன்று நிமிடம் ஆடி, ஒரு நிமிடம் ஓய்ந்து, மறுபடி ஆடுவது மூச்சுப்பதம்.

அளவு மீறினால் பதம் தப்பிவிட்டது என்று சொல்லலாம். காலையில் எழுந்து தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்புறத்தில் சுரீரென்றால் பதம் தப்பிவிட்டது. அன்றோடு டயரை நிறுத்திவிட்டு, வலி போகும்வரை காலடியும் மூச்சுப்பதமும் மட்டும் செய்யவேண்டும். திரும்ப டயருக்கு வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பாதி வேகம், ஒரு நிமிடம் என்ற முதல் வாரக் கணக்கிலிருந்து தொடங்கவேண்டும்.